நிசேயாவுக்கு முன்பே



 

நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி உலகெங்கும் திருச்சபைகள் விழா எடுத்தன. நாமும் அதே நிசேயாவை எடுத்துக்கொண்டு கூடியிருக்கிறோம். ஆனால் நம் கேள்வி வேறு. ஈஸா (அலை) அவர்கள் போதித்தது ஏக இறைவனை வணங்கும் தூய தவ்ஹீத் என்பது நம் ஈமான். அவர்களைப் பின்பற்றியவர்களின் கொள்கை அதிலிருந்து எப்படி விலகியது என்பதை முஸ்லிம் அறிஞர்கள் எவ்வாறு விளக்கியிருக்கிறார்கள்? இதுவே இந்தக் கருத்தரங்கின் பொருள். இங்கு அமர்ந்திருக்கும் கிறிஸ்தவ நண்பர்கள் ‘விலகியது’ என்ற சொல்லையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்துதான் அவர்களை அழைத்திருக்கிறோம்.

நம் ஜும்ஆ பயான்களிலும் சிறு பிரசுரங்களிலும், இப்போது யூடியூபிலும் ஒரு கதை உலவுகிறது. கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் மன்னர் ஆயர்களைக் கூட்டினார், வாக்கெடுப்பு நடத்தினார், அதுவரை நபியாக மட்டும் மதிக்கப்பட்டவர் அன்றைக்குக் கடவுளாக்கப்பட்டார், ஒத்துவராத இன்ஜீல்களைத் தீயில் போட்டார்கள். கேட்கச் சுவையாக இருக்கும். சொல்பவருக்கும் வேலை குறைவு. ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. அது நடக்கவில்லை என்பது ஒன்று. குர்ஆன் சொல்வதும் அதுவல்ல என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் நடந்தது என்ன? இன்றைய துருக்கியில் ஏரிக்கரையில் இருக்கும் இஸ்னிக் என்னும் ஊர்தான் அன்றைய நிசேயா. மரபுக் கணக்கு 318 ஆயர்கள் என்கிறது. ஏறத்தாழ 300 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கு அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் கிளப்பியது. மகன் எல்லாப் படைப்புக்கும் முந்தியவர், ஆனாலும் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், தந்தைக்கு நிகரான நித்தியம் அவருக்கு இல்லை என்றார் அவர். அல்ல, மகன் தந்தையின் அதே சாரத்தைக் கொண்டவர் என்று சங்கம் தீர்த்தது. கடைசிவரை கையெழுத்திட மறுத்தவர்கள் லிபியாவிலிருந்து வந்த இரண்டே ஆயர்கள்: செக்குந்துஸ், தியோனாஸ். ஆரியுஸோடு அவர்களும் நாடு கடத்தப்பட்டார்கள்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரியுஸை ஏதோ மறைந்திருந்த முவஹ்ஹித் (ஏக இறைவனை மட்டும் வணங்குபவர்) போலப் புகழ்ந்து எழுதுகிறோம். அவருடைய மகன் மர்யமின் வயிற்றில் தொடங்கியவர் அல்லர். உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்து, உலகம் உண்டாகக் கருவியானவர். இந்தக் கொள்கையோடு அவர் நம் பள்ளிவாசலுக்கு வந்திருந்தால் நாமும் அவரோடு வாதிட்டிருப்போம்.

புத்தகங்களைப் பொறுக்கியெடுத்த கதைக்கும் ஆதாரம் இல்லை. நிசேயாவின் 20 விதிகள் நம் கையில் இருக்கின்றன. அவற்றில் வேத நூல்களின் பட்டியல் கிடையாது. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே பட்டியலாக நமக்கு முதலில் கிடைப்பது 367இல் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் மடலில். சங்கம் தீர்த்தது அங்கேயே நிலைத்துவிடவும் இல்லை. கான்ஸ்டன்டைன் 337இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுஸின் பக்கம் நின்ற நிக்கொமேதியாவின் யூசேபியுஸ் கையால். அவருடைய மகன் கான்ஸ்டான்டியுஸ் நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தவர். நிசேயாவுக்காக வாதாடிய அத்தனாசியுஸ் ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். பரிசுத்த ஆவியைப் பற்றி நிசேயா ஒரே ஒரு சிறு தொடரோடு நிறுத்திக்கொண்டது. அந்த விவாதம் 381இல் கான்ஸ்டான்டிநோபிளில்தான் தீர்ப்பை எட்டியது. ஒரு நாளில் முடித்த வேலை என்றால் அதன்பின் 56 ஆண்டுச் சண்டை எதற்கு?

அந்தக் கதையை இன்னும் பலமாக அசைப்பது ஒரு ரோமானிய அதிகாரியின் கடிதம். நிசேயா அடங்கிய பித்தினியா-பொந்து மாகாணத்துக்கு சுமார் 112இல் ஆளுநராக இருந்தவர் பிளினி. நிசேயாவில் கட்டி முடியாத அரங்கம் இப்போதே வெடிப்பு விட்டுத் தாழ்கிறது, செலவோ எக்கச்சக்கம் என்று பேரரசர் திராயானுக்குப் புலம்பிய நிர்வாகி இவர்தான். கிறிஸ்தவர்கள் என்று பிடித்து வந்தவர்களை என்ன செய்வது என்றும் கேட்டு எழுதினார். அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்துகூட விசாரித்திருக்கிறார். அவருக்குத் தெரியவந்தது இவ்வளவுதான்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், தெய்வத்துக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். யாரையும் கடவுளாக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு ஏறக்குறைய 160 ஆண்டுகள் முன்பே, அதே மாகாணத்தில், ஈஸா (அலை) அவர்கள் துதிப்பாடலின் பொருளாகிவிட்டார்கள்.

எனவே விலகல் நிசேயாவில் தொடங்கவில்லை. நிசேயா அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. வேர் எங்கே என்றால், வெகு முன்னால், விடியற்காலையில் கூடிப் பாடிய எளிய மக்களின் பக்தியில் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது குர்ஆனுக்கு வருவோம். அன்னிஸா அத்தியாயத்தின் 171ஆம் வசனமும், அல்மாயிதாவின் 77ஆம் வசனமும் வேதக்காரர்களை அழைத்து மார்க்கத்தில் வரம்பு கடக்க வேண்டாம் என்கின்றன. முன்னது அதே மூச்சில் மஸீஹ் இறைத்தூதர், மர்யமிடம் இறைவன் இட்ட வார்த்தை, அவனிடமிருந்து வந்த ரூஹ் என்று மேன்மைப்படுத்துகிறது. பிறகே மூன்று என்று சொல்வதை விட்டுவிடச் சொல்கிறது. அல்ஹதீத் அத்தியாயம் துறவறத்தைப் பற்றிப் பேசும்போது, அது அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது என்று கண்டிக்கிறது. ஆனால் இறைவனின் பொருத்தத்தைத் தேடியே அதில் இறங்கினார்கள் என்ற நோக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறது. கான்ஸ்டன்டைனின் பெயரோ பவுலின் பெயரோ சங்கமோ குர்ஆனில் எங்கும் இல்லை. நோயின் பெயர் குலூ: அளவு கடந்த பக்தி. சதிக்காரர் ஒருவரைத் தேடி நாம் அலைகிறோம். குர்ஆனோ நேசத்தின் உள்ளே இருக்கும் ஆபத்தைக் காட்டுகிறது.

அன்னிஸாவின் அந்த வசனம் பொதுச் சுவரில் ஏறிய இடம் ஜெரூசலம். ஹிஜ்ரி 72இல், அதாவது 691-92இல், கலீஃபா அப்துல் மலிக் கட்டிய குப்பத்துஸ் ஸக்ராவின் (பாறைக் குவிமாடத்தின்) உள்ளே எண்கோண வளைவு வரிசையின் இரு முகங்களிலும் மேல்விளிம்பில் ஒரு எழுத்துப் பட்டை ஓடுகிறது. நீளம் சுமார் 240 மீட்டர். கரும்பச்சை நீலக் கண்ணாடிச் சில்லுகளின் மேல் பொன்னிறக் கூஃபி எழுத்து. பாறையை நோக்கிய உள்முகத்தில்தான் ஈஸா (அலை) வருகிறார்கள்: வரம்பு மீறாதீர்கள் என்ற அறிவுரை, அவர்கள் அடியாராக இருப்பதை ஒருபோதும் இழிவாகக் கருத மாட்டார்கள் என்ற உறுதி. இடையிலேயே அவர்களுக்கு ஸலவாத்து. பிறந்த நாளிலும் இறக்கும் நாளிலும் எழுப்பப்படும் நாளிலும் சாந்தி உண்டாகட்டும் என்ற வேண்டல். குர்ஆனில் ஈஸா (அலை) தம்மைக் குறித்துச் சொல்வதை இங்கே பிறர் அவர்களுக்காகச் சொல்லும்படி திருப்பி எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பெரும்பான்மை வாழ்ந்த நகரத்தில், மறுப்பும் மரியாதையும் ஒரே பட்டையில். நம் மேடைப் பேச்சுகளில் மறுப்பு மட்டும் மிச்சமானது எப்போது என்று யாராவது ஒரு கட்டுரை எழுதலாம்.

விலகலைப் பற்றிய குர்ஆனின் இந்தக் கண்டறிதலை அறிஞர்கள் பல திசைகளில் கொண்டு போனார்கள். ரய் நகரின் காழியாக இருந்த அப்துல் ஜப்பார் 995இல் எழுதிய நூலில் விலகலுக்குக் காரணமாகப் பவுலை முன்னிறுத்தினார். ரோமர்கள் கிறிஸ்தவர்களானதைவிட, கிறிஸ்தவர்கள் ரோமர்களானார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். நறுக்கென்று இருக்கிறது, பாதி உண்மையும் கூட. குர்துபாவின் இப்னு ஹஸ்ம் நற்செய்திகளை வரிக்கு வரி ஒப்பிட்டு முரண்களை எண்ணினார். வேதத்தில் மாற்றம் எழுத்தில் நடந்ததா, பொருள் கொள்வதில் நடந்ததா என்ற தஹ்ரீஃப் விவாதத்துக்கு நாளை ஒரு தனி அமர்வே இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். 1854 ஏப்ரலில் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டரை எதிர்கொண்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, மருத்துவர் வஸீர் கான் வழியாக ஐரோப்பிய விவிலிய ஆய்வு நூல்களைப் பெற்று, ஃபாண்டர் எதிர்பாராத ஆயுதத்தோடு வந்தார். எதிர்த்தரப்பின் நூலகத்துக்குள் புகுந்து படித்த துணிவுக்காகவே அவரை நினைவுகூர வேண்டும்.

ஆனால் நான் முன்மாதிரியாகச் சொல்ல விரும்புவது 9ஆம் நூற்றாண்டு பக்தாதின் அபூ ஈஸா அல்வர்ராக்கை. நம்மவர்களே அவருடைய மார்க்கப் பற்றைச் சந்தேகித்தார்கள் என்பது வேறு கதை. நெஸ்தோரியர், யாக்கோபியர், மெல்கியர் என்ற மூன்று பிரிவாரும் திரித்துவத்தையும் அவதாரத்தையும் எப்படிப் பிரித்து விளக்குகிறார்கள் என்று அவரவர் ஒப்புக்கொள்ளும் வகையில் முதலில் எழுதிவிட்டு, அதன்பிறகே ஒவ்வொன்றையும் தர்க்கத்தால் மறுத்தார். மூலநூல் தனியாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது எப்படி என்றால், அடுத்த நூற்றாண்டில் யஹ்யா இப்னு அதீ என்ற யாக்கோபியக் கிறிஸ்தவத் தத்துவவாதி அதைப் பத்தி பத்தியாக அப்படியே எடுத்தெழுதி ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதினார். ஃபாராபியின் மாணவர்; பிழைப்புக்குச் சுவடி பெயர்த்தெழுதியவர்; தபரியின் குர்ஆன் விரிவுரையையே தம் கையால் இரண்டு முறை பிரதி எடுத்தவர். கிறிஸ்தவத்தை மறுத்த முஸ்லிம் நூலை நமக்குக் காத்துக் கொடுத்தது ஒரு கிறிஸ்தவரின் மறுப்பு.

கிறிஸ்தவ நண்பர்கள் இங்கே ஒன்றைக் கேட்பார்கள், கேட்க வேண்டும். அல்மாயிதாவின் 116ஆம் வசனம் ஈஸாவையும் அவர் தாயாரையும் கடவுளராக்கியதைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் திரித்துவத்தில் மரியாள் இல்லையே என்பார்கள். நான் விளங்கிக்கொண்டது இது: அந்த வசனம் திரித்துவத்துக்கு இலக்கணம் எழுதவில்லை, நடந்த வணக்கத்தைப் பற்றி மறுமையில் கேட்கப்படும் கேள்வியைச் சொல்கிறது. சங்கத் தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்பதும், மெழுகுவத்தி ஏற்றும் கை யாரிடம் கேட்கிறது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நான்காம் நூற்றாண்டின் எபிஃபானியுஸ் என்ற ஆயரே, மரியாளுக்கு அப்பம் படைத்த பெண்கள் அரபு நாட்டில் இருந்ததாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். அப்படி ஒரு கூட்டம் உண்மையில் இருந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இந்த விளக்கத்தோடு மோதுபவர்களை வரவேற்கிறேன்.

குலூ என்ற அளவுகோலைக் கையில் எடுத்தால் அது நம் பக்கமும் திரும்பும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதல்ல என்பவர்களை எதிர்த்து எழுதிய கடிதங்களில் ஒன்றில் அவர்களைக் கிறிஸ்தவர்களோடு ஒப்பிட்டார்: இறைவனின் வார்த்தை என்பதால் ஈஸா படைக்கப்படாதவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதுபோல இருக்கிறதே உங்கள் பேச்சு என்று. அந்தக் கடிதங்களோடு தொடங்கிய விசாரணையில், அடுத்த கலீஃபாவின் காலத்தில், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் கசையடி பட்டார்கள். நிசேயாவில் விவாதிக்கப்பட்டதற்கு மிக அருகில் நாமும் ஒரு நூற்றாண்டு நின்று வாதாடியிருக்கிறோம்.

இன்னும் அருகில் வரலாம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஓதப்படும் கஸீதத்துல் புர்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டின் இமாம் பூஸீரி அதில் நபிகள் நாயகத்தை (ஸல்) புகழ்வதற்குத் தாமே எல்லை வகுக்கிறார்: கிறிஸ்தவர்கள் தங்கள் நபியைக் குறித்துக் கோரியதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும் என்று. மர்யமின் மகனைப் புகழ்ந்ததுபோல் தம்மை மிகைப்படுத்தக் கூடாது என்று தடுத்த நபிமொழி புகாரியில் இருப்பது அவருக்குத் தெரியும். அதே கவிதையில் அவரே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்று கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தமிழகத்தின் தவ்ஹீத் மேடைகள் சொல்கின்றன. சுன்னத் ஜமாஅத் ஆலிம்கள் மறுக்கிறார்கள். நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நேசம் எந்த இடத்தில் வணக்கமாகிறது என்ற கேள்வி நம் தெருவிலும் உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

இந்த இரு நாட்களுக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். கட்டுரையாளர்கள் கிறிஸ்தவக் கொள்கையைச் சொல்லும்போது கிறிஸ்தவர்கள் ஒப்புக்கொள்ளும் சொற்களில் சொல்ல வேண்டும்; மறுப்பு அதன்பிறகு, எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு கட்டுரையும் முடிந்ததும் ஒரு கிறிஸ்தவ இறையியலாளர் எழுந்து பதில் சொல்வார். தொகுப்பு நூலில் அந்தப் பதில் பின்னிணைப்பில் போகாது. யஹ்யா இப்னு அதீ எழுதிய முறையில், பத்தியும் அதன் கீழே பதிலுமாக அதே பக்கத்தில் அச்சாகும். பதிப்பாசிரியர் குழுவில் இரு சமயத்தாரும் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். அல்வர்ராக்கைப் பற்றிய முதல் கட்டுரையைப் படிக்க வருமாறு அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.