சைக்கிளுக்கு லைசென்ஸா, சைக்கிள்காரனுக்குப் பாதுகாப்பா?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொதுச் சடக்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இன்சூரன்சும் கட்ட வேண்டும் என்று ஒரு வாதம் அடிக்கடி கிளம்புகிறது. கார்க்காரர் லைசென்ஸ் எடுக்கிறார், ரோடு டாக்ஸ் கட்டுகிறார், இன்சூரன்ஸ் கட்டுகிறார். சைக்கிள்காரன் மட்டும் ஒன்றுமில்லாமல் அதே சடக்கில் போகலாமா என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆகவே சிரித்துத் தள்ளிவிடாமல், தொழிலாளியின் நிலையிலிருந்து இதை ஆராய்ந்து பார்ப்போம்.

இந்த லைசென்ஸ் நமக்குப் புதிதல்ல. சைக்கிளுக்குப் பணங்கட்டித் தகரத் தகடு வாங்கிய காலம் பழைய ஆட்களுக்கு ஞாபகமிருக்கும். சிங்கப்பூரிலும் சைக்கிளைப் பதிவு செய்து நம்பர் தகடு மாட்ட வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். பிறகு 2021-ல் அங்கே இந்தப் பிரச்சினை மறுபடி தலைதூக்கியது. கூட்டங்கூட்டமாகச் சடக்கை அடைத்துக்கொண்டு போகும் பந்தய சைக்கிள்காரர்கள் மீது கார்க்காரர்களுக்குக் கோபம். சர்க்கார் ஓர் ஆலோசனைக் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது. லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று குழு சொன்னது. சர்க்காரும் அதே வருஷம் அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக, 2022 ஜனவரி 1 முதல் ஒரு கூட்டத்தின் நீளம் ஐந்து சைக்கிளுக்கு மேல் போகக்கூடாது என்று விதி செய்து, அபராதத்தை 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்த்தினார்கள். மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது என்று யோசனை சொன்னார்களே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. மின்சார மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு மட்டும் 2018 முதலே பதிவு கட்டாயம். அது சரியென்றே நான் நினைக்கிறேன். மோட்டார் வந்தால் வேகம் வருகிறது. வேகம் வந்தால் கட்டுப்பாடும் வரத்தான் வேண்டும்.

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். சைக்கிளால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நாம் அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் கோபே நகரத்தில் 2008-ல் பள்ளிக்கூடப் பையன் ஒருவன், வயது பதினொன்று, சைக்கிளில் வந்து நடந்துபோன ஓர் அம்மாள் மீது மோதினான். அந்த அம்மாள் நினைவு திரும்பாமல் படுத்த படுக்கையானார். 2013-ல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: பையனின் தாயார் சுமார் 9 கோடியே 50 லட்சம் யென் நஷ்டஈடு கொடுக்க வேண்டும்! ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே போகும்? படுக்கையில் கிடந்தவரின் குடும்பந்தான் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் ஏழைகள் அழிந்துபோகிற காரியம் இது. அதற்குப் பிறகு, கோபே இருக்கும் ஹியோகோ மாநிலம் 2015-ல் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் போட்டது. ஒன்றைக் கவனியுங்கள். இன்சூரன்ஸ் கேட்டார்கள்; ஓட்டும் பரீட்சை வைத்து லைசென்ஸ் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டிய அவசியமில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

சுவிட்சர்லாந்தில் வேறு விதம். அங்கே வருஷா வருஷம் ஒரு சிறிய ஒட்டுச் சீட்டு வாங்கிச் சைக்கிளில் ஒட்ட வேண்டும். அதன் விலையிலேயே இன்சூரன்சும் அடங்கியிருந்தது. நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். அதையும் 2012-ல் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான குடும்பங்களிடம் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ் முன்பே இருந்தது. சீட்டு அச்சடித்து விற்று நிர்வகிக்கும் செலவுதான் மிச்சம் என்று கண்டார்கள். நம் லயத்து வீடுகளில் அப்படிப்பட்ட இன்சூரன்ஸ் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஆகவே சுவிட்சர்லாந்தைக் காட்டி இங்கே எதுவும் தேவையில்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ஜொகூர் பாருவில் 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் எட்டுப் பிள்ளைகள் சைக்கிளோடு கார் மோதி மாண்டார்கள். லைசென்ஸ் வேண்டுமென்பவர்கள் அதையும் எடுத்துக் காட்டக்கூடும். விடியற்காலை மூன்று மணிக்கு, மாற்றியமைத்த சைக்கிளில் சடக்குக்கு வந்த பிள்ளைகளை ஒரு தகடு வீட்டில் உட்கார வைத்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் இன்று வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் யார்? மோட்டார் சைக்கிள் வாங்க முடியாதவர், கண் மங்கி லைசென்சைப் புதுப்பிக்காத பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளை, நம்மோடு நிரையில் நிற்கிற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளி. இவர்களிடம் மேலும் ஒரு பாரத்தையும் ஒரு கட்டணத்தையும் கொடுப்பதால் சடக்கில் ஆபத்து குறைந்துவிடாது. இடிப்பது லோரி, இடிபடுவது சைக்கிள் என்பதுதானே நாம் பெரும்பாலும் காண்பது?

அதைவிட எனக்கு அச்சம் ஒன்று உண்டு. லைசென்ஸ் கட்டாயமாகிவிட்டால், அடிபட்டுக் கிடப்பவனிடம் முதல் கேள்வியே 'லைசென்ஸ் எங்கே?' என்பதாகத்தான் இருக்கும். போன மாதம் காலாவதியாகி இருந்தால் போதும். அதை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுத்துக்கொள்வார். பாதுகாப்புக்கென்று வந்த காகிதம் நஷ்டஈட்டைக் குறைக்கும் காகிதமாக மாறிவிடும். தொழிற்சங்கத்தில் இருக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சைக்கிள்காரனுக்கு இன்சூரன்சே இல்லையா? இருக்கிறது, தோழர்களே! நம்மில் பலர் அதை உபயோகிப்பதில்லை. 1952-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வேலையில் நேரும் விபத்தையே பார்த்தது. வீட்டிலிருந்து சொந்தச் சைக்கிளில் வரும் வழி சாதாரணமாக அதற்குள் அடங்காது. 1969-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1971 அக்டோபரில் சொக்சோ அமலுக்கு வந்தது. அந்தச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் இடையே போகும் வழியில் நேரும் விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும். நடந்து போனாலும் சரி, சைக்கிளில் போனாலும் சரி. வேலை விபத்துத் திட்டத்துக்கான பணத்தை முதலாளிதான் கட்டுகிறார். நம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. டாக்டர் குறைந்தது நான்கு நாள் ஓய்வு கொடுத்தால், சராசரி தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இதை அவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லுவது நம் கடமை.

ஆனால் 'லேசான அடிதான்' என்று தைலம் தடவிக்கொண்டு, மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்கிறோம். ஒரு மாதம் கழித்து முழங்கால் மடங்காமல் போனபிறகு கிராணியாரிடம் ஓடுகிறோம். அப்போது ரிப்போர்ட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. சடக்கில் விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆபீசுக்கு உடனே தெரிவியுங்கள்; தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பாரம் உங்கள் மேசையிலிருந்துதான் புறப்பட வேண்டும். வீட்டிலிருந்து வேலைத்தளம்வரை போகும் வழியைப் படம் போட்டுக் காட்டச் சொல்வார்கள்; அதற்கும் நீங்கள் உதவ வேண்டும். வழியை விட்டு வேறெங்கோ போகையில் அடிபட்டால் பிரச்சினை வரும். கடைக்குச் சுற்றிப் போய்விட்டு வரும்போது விழுந்தவருக்குப் பணம் வாங்கித் தருவது சங்கத்தாலும் சுலபமல்ல.

மோட்டார் வாகனம் மோதியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம்; அந்த மூன்றாம் நபர் நீங்கள்தான். ஆகவே வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். காயத்துக்கு வழக்குப் போட ஆறு வருஷ அவகாசம் உண்டு. உயிர் போய்விட்டால் குடும்பத்தாருக்கு மூன்று வருஷந்தான்.

மோதப்படும் மற்றவர்களுக்காக, கூட்டாக ஒரு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா என்று கிளைகள் விசாரிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். சைக்கிள்காரன் தலையில் தனித்தனியாகக் கட்டாமல், சந்தாவோடு சேர்ந்தாற்போல் இருந்தால் யாருக்கும் பாரமாகாது. அதற்கு முன்னால் பின்விளக்கும், முன்விளக்கும் சரியாக எரிகிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். தோட்டத்து மண்பாதை பெரிய சடக்கில் ஏறுகிற இடத்தில் விளக்குக் கம்பம் வேண்டுமென்று நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மனு இங்கே மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்கள் போட்டுவிட்டுப் போகலாம்.