குடி மறக்கும் வார்டில் எரியும் பீடி



மதுவும் நிகோட்டினும் மூளையில் என்ன செய்கின்றன என்பதைப் பற்றி இந்த மாநாட்டில் இரண்டு நாள் பேச இருக்கிறோம். நிகழ்ச்சி நிரலில் மதுவுக்கு ஒரு நாள், நிகோட்டினுக்கு ஒரு நாள் என்று ஒதுக்கியிருக்கிறோம். பேச அது வசதி. ஆனால் நம்மிடம் வரும் நோயாளியை அப்படிப் பிரிக்க முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தத் தலைமையுரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

நிகோட்டினுக்கு நம் துறையே கடன்பட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1889இல் நரம்பு முடிச்சுகளின் மேல் நிகோட்டின் கரைசலைத் தடவி, எந்த நரம்பின் செய்தி எந்த முடிச்சில் கைமாறுகிறது என்று கண்டறிந்தார். பின்னர், நரம்பை வெட்டி அது பட்டுப்போன பிறகும் தசை நிகோட்டினுக்குச் சுருங்குவதையும், குராரே என்ற நஞ்சு அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதையும் கவனித்தார். அப்படியானால் செய்தியை ஏற்கும் பொருள் ஒன்று தசைச் செல்லிலேயே இருக்க வேண்டும் என்று 1905இல் எழுதினார். இன்று நாம் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லும் ‘ஏற்பி’ அந்த எழுத்தில்தான் வேர்விட்டது. 1921இல் ஓட்டோ லோவி தவளை இதயங்களை வைத்து, நரம்பு வேதிப்பொருள் மூலமாகவே பேசுகிறது என்று காட்டினார். அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின்.

அசிட்டைல்கோலின் ஒட்டும் அதே இடத்தில் நிகோட்டினும் ஒட்டுகிறது. வேறுபாடு ஒன்றுதான். அசிட்டைல்கோலின் வேலை முடிந்த கணமே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். நிகோட்டினை அந்த நொதி தொடாது. இழுத்த புகையின் நிகோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டி, நடுமூளையின் டோபமைன் நரம்பணுக்களைத் தூண்டுகிறது. 2006இல் வெளியான பெட் ஸ்கேன் ஆய்வு ஒன்றில், ஓரிரு இழுப்பிலேயே மூளையின் முக்கியமான நிகோட்டின் ஏற்பிகளில் பாதி நிரம்பிவிட்டன. நாளெல்லாம் நிகோட்டினில் ஊறும் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மூளை ஈடுகட்ட அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இரவில் நிகோட்டின் வடிய வடிய, மரத்தவை மீள்கின்றன. விடிந்ததும் பற்றவைக்கும் முதல் பீடிக்கு அத்தனை ருசி வருவது இதனால்தான்.

மதுவுக்கு இப்படித் தனியாக ஓர் ஏற்பி கிடையாது. மூளையை அடக்கும் காபாவின் பிடியை அது வலுவாக்குகிறது. மூளையை எழுப்பும் குளுட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை ஒடுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் மூளை சும்மா இருப்பதில்லை. காபா ஏற்பிகளின் வீரியத்தைக் குறைத்துக்கொள்கிறது, குளுட்டமேட் பக்கத்தைப் பெருக்குகிறது. பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் மறுபக்கம் என்ன ஆகும்? குடி நின்ற அன்று மூளைக்குள் நடப்பது அதுதான்.

“ஒரு கட்டிங் போட்டாத்தான் சார் கை நிக்கும்” என்று வெளிநோயாளிப் பிரிவில் ஒருவர் சொல்லும்போது அவர் சாக்குச் சொல்லவில்லை. தன் குளுட்டமேட்டின் நிலையைத் துல்லியமாகச் சொல்கிறார். அவரைச் சேர்த்த முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். சில வேளை மூன்றாம் இரவில், வியர்த்து நனைந்த உடம்போடு படுக்கை விரிப்பில் இல்லாத நூலை விரலால் பிடுங்கிக்கொண்டிருப்பார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். மனைவியை யாரென்று கேட்பார். சரியான அளவில் டயசிபாமோ லோராசிபாமோ கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட்டால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். தவறவிட்டால் உயிர் போகும், அல்லது வெர்னிக்கே-கோர்சகாஃப் நோயில் நினைவு போகும். 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் அடைபட்டபோது இந்த உண்மை வார்டுக்கு வெளியேயும் தெரிந்தது. மருத்துவச் சீட்டின்பேரில் மது வழங்கக் கேரள அரசு ஆணையிட்டது, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. அந்த எதிர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். சிகிச்சைக்கு மருந்து இருக்கும்போது நோயையே சீட்டில் எழுதிக் கொடுக்கலாகாது.

இத்தனை கவனத்தோடு குடியை நிறுத்துகிறோம். அதே நோயாளி தேறி எழுந்ததும் வார்டின் பின்பக்கம் போய்ப் பீடி பற்றவைப்பதைப் பார்த்தும் பாராமல் போகிறோம். “குடியை விட்டாப் போதும் சார், பீடி மட்டும் புடிச்சுக்கட்டும்” என்கிறார் மனைவி. அவர் பட்ட பாட்டுக்கு அப்படித்தான் சொல்வார். நாமும் அதையே சொல்வதுதான் எனக்குத் தாளவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொன்னால் குடிக்குத் திரும்பிவிடுவார் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஆதாரம் வேறு மாதிரி இருக்கிறது. போதைச் சிகிச்சையோடு புகை நிறுத்தும் சிகிச்சையும் பெற்றவர்கள் நெடுநாள் போதையின்றி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல் என்று 2004இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். மூளை வேதியியலை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. மதுவும் நிகோட்டினும் வந்து சேர்வது அதே டோபமைன் பாதையில். ஒன்றின் நெடி மற்றதன் நினைவைக் கிளப்புகிறது.

இன்னொரு ஆய்வு என்னை விடாமல் தொடர்கிறது. 1972 முதல் 1983 வரை அமெரிக்காவின் மினசோட்டாவில் மதுப்பழக்கச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட 845 பேரைப் பின்தொடர்ந்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் மது தொடர்பான சாவு 34.1 சதவீதம், புகையிலை தொடர்பானது 50.9 சதவீதம். எதற்காகச் சிகிச்சைக்கு வந்தார்களோ அதைவிட, நாம் கேட்காமல் விடும் புகையிலையால் செத்தவர்களே அதிகம்.

நம் நாட்டில் புகையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள்; 21.4 சதவீதம் பேர் புகையிலையை வாயில் அடக்கவும் மெல்லவும் செய்கிறார்கள். கன்னத்தில் அடக்கிய புகையிலை வார்டில் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே இந்த அவையிடம் ஒன்று கேட்கிறேன். குடிக்காகச் சேரும் ஒவ்வொருவரிடமும், தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி அல்லது முதல் பொட்டலம் என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் முற்றிய சார்பு. தேறத் தொடங்கியதுமே நிகோட்டின் சூயிங்கமோ வரெனிக்லின் மாத்திரையோ தருவதைப் பற்றிப் பேசுங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. புகை, கல்லீரல் நொதி ஒன்றைத் தூண்டிவிடுகிறது. மனச்சிதைவு மருந்தான குளோசபைன் எடுப்பவர் புகையை நிறுத்தினால் அந்தத் தூண்டல் அடங்கி, இரத்தத்தில் மருந்தளவு ஏறும்; மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரும். அந்த அளவை எந்த நாளிலிருந்து, எவ்வளவு குறைப்பது என்பதில் நமக்குள் ஒத்த கருத்து இல்லை. பிற்பகல் அமர்வில் அதைத் தீர வாதிட்டு, வார்டில் ஒட்டும்படியான ஒரு பக்க வழிகாட்டியை நாளை மாலைக்குள் எழுதி முடிக்க வேண்டுகிறேன். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.