பூநகரிக் காற்றில் பூநகரிக்கும் பங்கு வேண்டும்



வைகாசியிலிருந்து புரட்டாசி வரை இக்கரையில் சோளகம் எப்படி வீசும் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழையை நம்பி மொட்டைக்கறுப்பன் விதைக்கும் இம்மண்ணில், மழை பொய்த்த ஆண்டிலும் பொய்க்காத செல்வம் அக்காற்று. நிலக்கரியையும் எண்ணெயையும் கடல் கடந்து வாங்கும் இந்நாட்டுக்கு அது வேண்டும். புகையில்லா மின்சாரத்தை எதிர்ப்பவர்கள் அல்லர் நாம்.

நாம் கேட்பது வேறு. விலை பேசிய மேசையில் பூநகரி மக்கள் எங்கே இருந்தனர்?

2022 மார்ச்சில் மன்னாருக்கும் பூநகரிக்குமாக அதானி நிறுவனத்துடன் புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதப்பட்டது. பூநகரிக்கு 234 மெகாவாற் என்றார்கள். 2024 மேயில் ஓரலகுக்கு 8.26 அமெரிக்க சதம், இருபது ஆண்டுகளுக்கு, என அமைச்சரவை இசைந்தது. அது அதிகம் என்று கொழும்பில் வாதம் எழுந்தது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. சதத்தைப் பற்றி எத்தனை பேச்சு! அதில் ஒரு துளியேனும் காற்றாலையின் நிழலில் வாழ்வோருக்கு உரியதா என்பது பெரும்பேச்சாகவில்லை. ஒரு நிறுவனம் போனால் இன்னொன்று வரும். காற்று இங்கேதான் இருக்கும்.

மன்னார்த் தீவைப் பாருங்கள். 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ என்ற பெயரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற், திறந்துவைக்கப்பட்டன. வெள்ளம் வடியவில்லை, மீன் கரையை விட்டு விலகுகிறது என்று மக்கள் முறையிட்டனர். 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கினர். காற்றின்மேல் வெறுப்பா? தம்மைக் கேளாமல் நடந்ததன்மேல் வெறுப்பு!

டென்மார்க்கில், கொப்பன்ஹேகன் நகரை அடுத்த கடலில், 2000ஆம் ஆண்டளவில் 20 காற்றாலைகளை நாட்டினார்கள். அவற்றிற் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தமாயிற்று. ஐக்கிய நாணய சங்கம் நடத்திய நமக்கு இது விளங்காத வித்தையா?

பாடசாலைக்கு வெள்ளையடித்துத் தருகிறோம், வாசிகசாலைக்குக் கதிரை தருகிறோம் என்பார்கள். அது தருமம். தருமம் நின்றுபோனால் எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. ஒப்பந்தத்தில் எழுதிய பங்குக்கு வழக்காடலாம். விற்கும் ஒவ்வோர் அலகிலும் கிராமத்தின் கூட்டுறவுக்கு இவ்வளவு என்று வாசகம் இருக்க வேண்டும். வேலைவாய்ப்பு என்ற ஆசைகாட்டலும் வேண்டாம். நாட்டி முடிந்த காற்றாலையைப் பார்த்துக்கொள்ளச் சிலரே போதும்.

காணி பற்றியும் ஒன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர், அரச அதிகாரியின் எழுத்து மூல இசைவின்றிக் காணியைக் கைமாற்ற முடியாது. தரகர் நீட்டும் தாள் எதுவாயினும், அதைத் தமிழில் முழுவதும் வாசிக்கக் கேட்காமல் கையொப்பம் இடாதீர்கள்.