மாத்திரையும் பேச்சும்



இந்த ஊரில் ஒரு தச்சர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வேலைக்காரர். திடீரென்று நாலைந்து நாள் தூங்கவில்லை. களைப்பும் இல்லை. ஓயாமல் பேசினார். கடன் வாங்கிக் கண்டதை எல்லாம் வாங்கினார். சில மாதம் போனது. அதே மனிதர் பாயை விட்டு எழவில்லை. செத்துப் போகலாமா என்று அழுதார்.

பேய் என்றார்கள் சிலர். திமிர் என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. இது ஒரு நோய். இருதுருவ நோய் என்று பெயர். டாக்டர்கள் பைபோலார் என்பார்கள்.

இதற்கு மருந்து உண்டு. அதில் ஒன்று லித்தியம். அது ஒரு வகை உப்பு. சமையல் உப்பு அல்ல! 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் இதன் பலனை எழுதினார். இன்றும் கொடுக்கிறார்கள். உடம்பில் அளவு கூடினால் விஷம். ஆகவே அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும். வாந்தி, கை நடுக்கம் கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தச்சர் மாத்திரை சாப்பிட்டார். தேறினார். "சுகமாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று நிறுத்தினார். நோய் திரும்பி வந்தது. பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

இங்கேதான் பேச்சு வேண்டும். புத்திமதி அல்ல, அதை ஊரே சொல்லும். பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து பேசுவது. மாத்திரையை ஏன் விடக்கூடாது? நோய் வருமுன் என்ன அடையாளம் தெரியும்? தூக்கத்தை எப்படிக் காப்பது? இவற்றை நோயாளியும் வீட்டாரும் கற்கிறார்கள்.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரில் இதைச் சோதித்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. நோய் தணிந்திருந்த 120 பேர். எல்லோருக்கும் மருந்து உண்டு. 60 பேருக்கு மட்டும் 21 வாரம் நோயைப் பற்றிப் பாடம் நடந்தது. மற்ற 60 பேர் சும்மா கூடிப் பேசினார்கள். இரண்டு ஆண்டில் சும்மா பேசியவர்களில் 55 பேருக்கு நோய் திரும்பியது. பாடம் கேட்டவர்களில் 40 பேருக்கு. நாற்பதும் அதிகம்தான். ஆனால் 15 குடும்பம் தப்பியது சின்ன விஷயமா? பேச்சு இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடவும் கூடாது.

ஈஜிபுராவிலிருந்து நிம்ஹான்ஸ் மருத்துவமனை தூரமில்லை. ஓசூர் ரோட்டில் இருக்கிறது. மருந்தும் தருவார்கள், பேசவும் ஆள் உண்டு. போகும்போது வீட்டில் ஒருவர் கூடப் போவது நல்லது. தனக்கு வரும் மாற்றம் நோயாளிக்கே தெரியாமல் போகலாம்.

தச்சரின் மனைவி இப்போது காலண்டரில் தினமும் ஓர் எண் எழுதுகிறார். அவர் தூங்கிய மணி. எட்டு, ஏழு, ஏழு. அது நான்காகக் குறைந்தால் அவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார். காலண்டரின் மேல் ஓரத்தில் 14416 என்று எழுதியிருக்கிறார். 2022 முதல் நடக்கும் மனநல உதவித் தொலைபேசி அது. காசில்லை. இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.