ஆற்றங்கரையில் வீடு வாங்குமுன்

நகரத்தின் மத்தியிலேயே மரநிழலும், மாலைக் காற்றும், கோடையில் வற்றாத கிணறும் அமைந்த வீட்டை விரும்புவது மனித சுபாவம். அந்த விருப்பத்தை நான் குறைகூற மாட்டேன். ஆயினும், 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில், சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியினின்று வினாடிக்கு 29,000 கன அடி வரையில் வெளியேறிய ஜலத்தோடு, சுற்றுப்புற ஏரிகளின் உபரியும் கலந்து அடையாற்றில் பிரவகித்தபோது, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை முதலிய ஸ்தலங்களில் கீழ்த்தள வீடுகள் மூழ்கிப்போனதையும், மாடியில் வசித்தவர்களும் மின்சாரமும் குடிநீருமின்றித் தவித்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

விலை மலிவு என்பதனாலேயே ஆற்றங்கரை வீடு ஆதாயமாகிவிடாது. காப்பீடு கட்டடத்துக்கு ஈடு தரலாம்; ஆனால் பள்ளிச் சான்றிதழ்களையும் குடும்பப் புகைப்படங்களையும் எந்தக் காப்பீடு மீட்டுத் தரும்? வெள்ளம் வடிந்த பின்னரும் வங்கியின் மாதத் தவணை நிற்பதில்லை.

ஆகவே, சித்திரையில் பார்த்துப் பிடித்துப்போன வீட்டை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மறுபடியும் சென்று பாருங்கள். புதுச்சாயம் பூசிய சுவர் உண்மையைச் சொல்லாது. தெருக்கோடியில் துணி தேய்ப்பவரையும் மளிகைக் கடைக்காரரையும், அந்த வெள்ளத்தில் ஜலம் எதுவரையில் ஏறிற்று என்று விசாரியுங்கள். கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் அந்நிலம் நீர்நிலைப் புறம்போக்கு அன்று என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு, வயோதிகப் பெற்றோர் கீழ்த்தளத்தில்தான் படுக்க நேருமெனில், அவ்வீட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.