மீன் விருதும் ஆலம்பரைக் கோட்டையும்



மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கம் வரும். அங்கே உப்பங்கழி ஓரமாக, செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சிதைந்து கிடக்கிறது ஆலம்பரைக் கோட்டை. உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறிய துறை இது. நாணயம் அடித்த அக்கசாலையும் இங்கே இருந்தது. 1750இல், தக்காண ஆட்சிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார்.

கோட்டை மட்டுமா? அந்த ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே அவருடைய போட்டியாளர் நாசிர் ஜங் கொல்லப்பட, முசாபர் ஜங் தக்காணத்து சுபேதார் ஆனார். புதுச்சேரியில் கூடிய தர்பாரில் டூப்ளேக்கு ஏழாயிரம் குதிரைக்கான மன்சப் என்ற மொகலாயப் பதவி கிடைத்தது. கூடவே மாஹி மராதிப் என்ற மீன் விருது. நீண்ட கம்பின் உச்சியில் பொன் முலாம் பூசிய மீன் தலை. ஊர்வலத்தில் அது யானை மேல் முன்னே போகும். மொகலாயர் ஆட்சியில் மிகப் பெரிய பிரபுக்களுக்கு மட்டுமே அந்த மரியாதை. இங்கிலாந்துப் பிரபு கேடயத்தில் தீட்டிய சிங்கம் பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்ச் சேரும். மன்சப் பதவியோ அப்படித் தானாக வாரிசுக்குப் போகாது. அரசர் மறுபடி கொடுத்தால்தான் உண்டு. ஒரு வணிகக் கம்பெனி அதிகாரி நவாபுகளுக்குச் சமமாக உட்கார்ந்தது பீரங்கியால் மட்டும் அல்ல, இந்த மீனாலும்தான் என்பேன். 1752இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி டூப்ளேயை மார்க்கீ என்ற பிரபு ஆக்கினார். இரண்டே ஆண்டில் பதவி பறிபோய் ஊர் திரும்பினார்.

பட்டம் கொடுக்கும் கை பிறகு இங்கிலாந்துக்கு மாறியது. 1855இல் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்ததும் அந்த நவாப் பட்டத்தை ஆங்கிலேயக் கம்பெனி ஒழித்தது. அவருடைய சித்தப்பா அசீம் ஜாவுக்கு 1867இல் ஆற்காடு இளவரசர் என்ற புதுப் பட்டம் வந்தது. 1870இல் விக்டோரியா மகாராணியின் பட்டயம் அதைப் பரம்பரை உரிமை ஆக்கியது. 1971இல் முன்னாள் மன்னர்களுக்கான மானியம் ரத்தானபோதும் அந்தப் பட்டம் தப்பிவிட்டது. சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

ஆலம்பரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1760இல் வந்தவாசிப் போரில் வென்ற ஆங்கிலேயர் அதே ஆண்டு கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். 2004 ஆழிப்பேரலையிலும் அது சேதப்பட்டது. எஞ்சிய சுவர்களையாவது காப்பாற்றியாக வேண்டும். அங்கே போகிற நேயர்கள் சுவரில் ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள், ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வராதீர்கள்.