சானடோரியத்தைத் தாண்டாத வரலாறு

இந்தத் தலைமை நாற்காலிக்கு என்னைவிடத் தகுந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

சமூகத் தோட்டமும் மாற்றுத்திறனாளிகள் நலனும் நம் பொருள். மண்ணில் கை வைத்தால் மனம் லேசாகும், விரல்களுக்குப் பயிற்சி கிடைக்கும், பக்கத்துப் பாத்திக்காரரோடு பேச்சு வளரும். இந்த அவைக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் வரை கட்டுரைகள் சொல்லும்.

எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. தோட்டச் சிகிச்சை என்னும் நம் துறையின் வரலாற்றை எழுதுவோர் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷில் தொடங்குகிறார்கள். விறகு வெட்டி, தோட்டம் கொத்திய ஏழை மனநோயாளிகள் பலர் தேறினர், அந்தஸ்தால் வேலை செய்யாதவர்கள் தேங்கிப்போயினர் என்று 1812இல் அவர் எழுதினார். சரி. அங்கிருந்து ஒரே தாவலில் இரண்டாம் உலகப் போர்க்காலப் படைவீரர் மருத்துவமனைகள்! நடுவில் கிடக்கும் காசநோய் சானடோரியங்களை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை, சானடோரியம் எழுந்த இந்தத் தாம்பரத்தில் கூடிப் பேசும்போதுகூட.

இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர் டாக்டர் சவுரி முத்து. கணிதமேதை ராமானுஜன் 1917இல் சில காலம் தங்கியது அங்கேதான். அந்த முத்துதான் 1928இல் தாம்பரம் சானடோரியத்தை நிறுவி, 1937இல் அரசிடம் ஒப்படைத்தார். கிருமியை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள், நெரிசலையும் வறுமையையும் பாருங்கள் என்று வாதாடியவர். கிருமி விஷயத்தில் காலம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வாழ்நிலை பற்றிய அவருடைய கேள்வியை அது தள்ளுபடி செய்யவில்லை.

சானடோரியப் பேச்சை எடுத்தாலே என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் 1959ஐத் தூக்கிக் காட்டுவார். சென்னை காசநோய் மருந்தாய்வு மையம் அந்த ஆண்டு வெளியிட்ட முடிவு உங்களுக்குத் தெரியும்: ஐசோனியசிட், பாஸ் என்ற மருந்துகளைத் தந்து ஓராண்டு பார்த்ததில், நெரிசலான வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். ஆகவே காற்றும் தோட்டமும் வெறும் அலங்காரம் என்பார் நண்பர். அந்த ஆய்வு சளியில் கிருமி இருக்கிறதா என்று கேட்டது. குணமானவர் மறுநாள் காலை எங்கே போவார், யாரோடு பேசுவார் என்று கேட்கவில்லை. தவிர, நண்பர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒருவர் தேறுவதற்கு மதில் சுவர் தேவையில்லை, தன் தெருவிலேயே தேறலாம் என்று காட்டியதும் அதே ஆய்வுதான். அது என் கட்சிக்குச் சாட்சி.

தோட்டத்தை மருந்தாக்கும் எதிர்முகாமுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் முதலில் நடை, பிறகு மண்கூடை, பிறகு மண்வெட்டி என்று உழைப்பைப் படிப்படியாக, மருந்து போல அளந்து கொடுத்தார். எழுதிக் கொடுப்பவர் மருத்துவர் என்றால் நிறுத்துபவரும் அவரே. இன்று ‘தோட்டச் சிகிச்சை’ என்று நடப்பவற்றில் பலவும் அந்தக் கூடையைத்தான் இன்னும் சுமக்கின்றன.

தெருவிலேயே தோட்டம் அமைக்க இங்கே சேலையூரிலிருந்து வண்டலூர் வரை இடத்துக்குப் பஞ்சமில்லை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்த பூங்காக்கள் சிலவற்றில் மாடு நுழையாதபடி வளைத்துப் போட்ட கம்பி வாசல் சக்கர நாற்காலியையும் தடுக்கிறது. அதை மாற்ற ஒரு வெல்டர் போதும். நாற்காலியில் அமர்ந்தபடி கை எட்டும் உயரத்தில், கீழே முழங்கால் நுழைய இடம்விட்டுப் பாத்தி கட்டினால், 2015 வெள்ளத்தில் முழுகிய முடிச்சூர் போன்ற இடங்களில் தேங்கும் மழைநீருக்கும் கீரை தப்பும். பாத்தி பயிரிடுவோர் பெயரிலேயே இருக்கட்டும். வாசல் சாவியும் விளைச்சலும் அவர்களுடையதாகட்டும்.

நம் தீர்மான வரைவின் மூன்றாம் பிரிவு, பாத்தி கேட்பவர் மருத்துவர் சான்று தர வேண்டும் என்கிறது. வாக்கிங் வருகிறவரிடம் நாம் சான்று கேட்பதில்லை. அந்தப் பிரிவை நீக்கக் கோருகிறேன். தலைவரே திருத்தம் கொண்டுவரலாமா என்று செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். புரட்டட்டும், அதற்குள் முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.